நிறமூர்த்தங்களை எண்ணிய அம்மையார்: கலாநிதி ஜானகி அம்மாள் (1897–1984)

– பழைய மாணவியான ஒரு வைத்தியர்

நூற்றாண்டு மலருக்கு விஞ்ஞானம் சார்ந்த கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று மலர்க்குழுவிலிருக்கும் அக்கா ஒருவர் தொலைபேசியில் கேட்டபோது முதலில் தயங்கினேன். வைத்தியர் என்றால் நீரிழிவைப் பற்றியோ குருதி அமுக்கத்தைப் பற்றியோ எழுதுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அவற்றை ஆஸ்பத்திரிச் சுவரிலேயே வாசித்துக்கொள்ளலாம். ஆகவே எமது கல்லூரிப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எழுதலாம் என்று முடிவு செய்தேன். அவர் பெயர் ஜானகி அம்மாள். உயிர்களின் உருவத்தையும் குணத்தையும் தாங்கிச் செல்லும் நிறமூர்த்தங்களை ஆராய்வதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர்.

அவரிடம் என்னைக் கொண்டுசென்றது ஒரு கிழங்கு. பல வருடங்களுக்கு முன் ஒரு மாரிகாலத்தில், நான் கடமையாற்றிய விடுதிக்கு ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். உண்ணக்கூடிய கிழங்கு என்று நினைத்துக் கார்த்திகைக் கிழங்கை அவித்துச் சாப்பிட்டிருந்தார். முதலில் வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தன. சில நாட்களில் குருதியில் வெண்கலங்கள் குறைந்தன. இரண்டாவது வாரத்தில் தலைமயிர் கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், மயிரும் பிறகு வளர்ந்தது. ஆனால் ஒரே நஞ்சு குடலையும் என்புமச்சையையும் மயிர் வேரையும் மட்டும் ஏன் தேடித் தேடித் தாக்கியது என்று அவருடைய மகள் என்னிடம் கேட்டாள். அவளுக்கு விளங்கும்படி சொல்வதற்காக நான் மீண்டும் புத்தகத்தைத் திறந்தேன். அந்த நஞ்சின் பெயர் கொல்ச்சிசின். அதன் வரலாற்றை வாசித்துக்கொண்டு போனபோது ஜானகி அம்மாளின் பெயர் வந்தது. அந்த மகளின் கேள்விக்கான விடையைக் கட்டுரையின் நடுவில் தருகிறேன்.

ஜானகி அம்மாள் 1897 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் திகதி, அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபாரின் தலசேரியில் பிறந்தார். தந்தை ஈ. கே. கிருஷ்ணன் நீதிபதியாக இருந்தவர். செடிகொடிகளிலும் பறவைகளிலும் பெரும் ஈடுபாடு கொண்டவர். வீட்டுத் தோட்டமே பிள்ளைகளின் முதல் விஞ்ஞான வகுப்பாக இருந்தது. மிகப் பெரிய குடும்பம். சகோதரிகளுக்கு ஒவ்வொருவராகப் பெற்றோர் பேசிய கல்யாணங்கள் நடந்தன. ஜானகி அம்மாளோ படிப்பைத் தேர்ந்தெடுத்தார், கடைசிவரை திருமணம் செய்யவில்லை. இன்றும் எம் ஊர்களில் பெண்பிள்ளை மேற்படிப்புக்குப் போவதென்றால் வீட்டில் எத்தனை பேச்சு நடக்கிறது என்பதை நாம் அறிவோம். நூறு வருடங்களுக்கு முன் அது எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகிகளே எண்ணிப் பார்க்கலாம்.

தலசேரியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பாடசாலையில் படித்து, சென்னைக்கு வந்து, 1914 இல் பெண்களுக்கென ஆரம்பிக்கப்பட்டிருந்த இராணி மேரிக் கல்லூரியில் சேர்ந்தார். 1921 இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். பின்னர் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி. பெண்கள் பாடசாலையில் படித்து, பெண்கள் கல்லூரியில் பட்டப்படிப்பைத் தொடங்கி, பெண்கள் கல்லூரியிலேயே கற்பிக்கவும் தொடங்கியவர் என்பதை இம்மலரில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இத்தகைய கல்லூரிகள் இல்லாவிட்டால் அந்த ஆற்றல் எங்கே போயிருக்கும்?

ஆசியப் பெண்களுக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் புலமைப்பரிசில் அவருக்குக் கிடைத்தது. அங்கு முதுமாணிப் பட்டம் பெற்றுத் திரும்பி, மீண்டும் சென்று, 1931 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று அவரைக் குறிப்பிடுவர். கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் அடங்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் நிறமூர்த்தங்களே அவருடைய ஆய்வுப்பொருள்.

இங்கே சிறிது நின்று, விஞ்ஞானம் படிக்காத சகோதரிகளுக்காக ஒரு விளக்கம் தருகிறேன்.

எமது உடல் கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலத்தின் கருவிலும் நூல்போன்ற நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. மனிதருக்கு 46. நெல்லுக்கு 24, கத்தரிக்கும் 24, சோளனுக்கு 20. எண்ணிக்கை கூடினால் உயர்ந்த உயிர் என்று அர்த்தமில்லை. கரும்பின் எண்ணிக்கை எம்முடையதைவிட மிக அதிகம். இந்த நூல்களில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும் கட்டளைகளே பரம்பரையலகுகள். பெரும்பாலான பரம்பரையலகுகள் ஏதோ ஒரு புரதத்தை எப்படிக் கட்டுவது என்று சொல்கின்றன. வேலையைச் செய்வது புரதம். ஒட்சிசனைச் சுமப்பது ஒரு புரதம், சோற்றைச் சமிக்கச் செய்வது ஒரு புரதம், தோலை உறுதியாக வைத்திருப்பது இன்னொரு புரதம்.

கட்டளையில் ஓர் எழுத்து மாறினால் அது விகாரம். பல விகாரங்களால் எதுவும் நடப்பதில்லை. சில நன்மை தரும். சில பெருந்துன்பம் தரும். குருதியின் ஈமோகுளோபின் புரதத்திலுள்ள ஒரு சங்கிலியில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறினால் செங்குருதிக் கலம் அரிவாள்போல் வளைந்துவிடும் என்பது 1950களின் நடுப்பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. அரிவாட்கலச் சோகை என்ற நோய் அதுதான். இன்னொரு விதமான விகாரம் அந்தச் சங்கிலி போதிய அளவு உருவாகாமலே செய்துவிடும். அதுதான் தலசீமியா. மாதந்தோறும் குருதி ஏற்றிக்கொள்ள வரும் பிள்ளைகளை எம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் காணலாம்.

ஜானகி அம்மாள் ஆராய்ந்தது இவற்றுக்கும் மேலான ஒரு மாற்றத்தை. ஓர் எழுத்து மாறுவதல்ல, முழு நூல்களின் எண்ணிக்கையே மாறுவது. விலங்குகளில் அது பெரும்பாலும் ஆபத்து. எம்மில் 21 ஆம் நிறமூர்த்தம் ஒன்று கூடினாலே டவுன் சின்ட்ரோம் ஏற்படுகிறது. தாவரங்களோ இரட்டிப்பையும் மும்மடங்கையும் தாங்கிக்கொள்ளும். சிலவேளை அதனால் இலை தடிக்கும், பூ பெருக்கும். நாம் உண்ணும் வாழைப்பழங்களில் பெரும்பாலானவை மும்மடியங்கள். மூன்றை இரண்டாகச் சமமாகப் பிரிக்க முடியாது, ஆகவே அவற்றில் விதை உருவாவதில்லை. குட்டி பிடுங்கி நட்டுத்தான் வாழையை வளர்க்கிறோம்.

இனி வாழ்க்கைக்கு வருவோம். நாடு திரும்பித் திருவனந்தபுரத்தில் இரண்டு வருடங்கள் பேராசிரியராக இருந்தபின், 1934 இல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பரம்பரையியலாளராகச் சேர்ந்தார். இந்தியாவின் நாட்டுக்கரும்பு அப்போது மெலிந்தது, சாறு குறைந்தது. ஜாவாவின் தடித்த கரும்போ இனிமையானது, ஆனால் வட இந்தியக் குளிரையும் வரட்சியையும் தாங்காது. ஆற்றங்கரையில் நாணல்போல் வளரும் காட்டுக்கரும்போடு அதைக் கலந்து இரண்டின் குணங்களையும் ஒரே பயிரில் கொண்டுவரும் வேலையை அந்நிலையம் 1912 முதல் செய்துவந்தது. எந்தக் கலப்பு பிழைக்கும், எது மலடாகும் என்பது நிறமூர்த்தங்களைப் பொறுத்தது. அவற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்து எண்ணிச் சொல்லக்கூடியவர் அங்கே ஜானகி அம்மாள். கரும்பைச் சோளனுடனும், இறுங்குடனும், வேறு புல்லினங்களுடனும் கலந்து கலப்பினங்களை உருவாக்கினார். கரும்பு–சோளன் கலப்பு 1938 இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கும் அதன் ஆரம்பக் காலத்திலேயே தெரிவு செய்யப்பட்டார்.

ஆனாலும் கோயம்புத்தூர் அவருக்கு இலகுவான இடமாக இருக்கவில்லை. ஆண்கள் நிறைந்த நிலையம், தனியாக வாழும் பெண், அதோடு அன்று தாழ்த்தி எண்ணப்பட்ட தீயர் சமூகத்தைச் சேர்ந்தவர். அவர் அங்கே சச்சரவிட்டுக் கொண்டிருக்கவில்லை. 1939 ஆகஸ்ட் மாதம் எடின்பரோ நகரில் நடந்த உலகப் பரம்பரையியல் மாநாட்டுக்குப் போனார். மாநாடு முடிவதற்குள் யுத்த மேகம் சூழ்ந்தது. செப்டெம்பரில் உலகப்போர் தொடங்கியது. அவர் இங்கிலாந்திலேயே தங்கி, லண்டனுக்கு அருகில் இருந்த ஜோன் இன்ஸ் நிலையத்தில் டார்லிங்டன் என்ற பேரறிஞரோடு சேர்ந்தார். இந்தியாவிலிருந்து ஓர் அணிற்பிள்ளையைக் கூடக் கொண்டுபோய் அங்கே வளர்த்தார் என்றும், அதற்குக் கபோக் என்று பெயர் வைத்திருந்தார் என்றும் சொல்வார்கள். கபோக் என்றால் இலவம்பஞ்சு.

லண்டனில் இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வதும், விடிந்ததும் ஆய்வுகூடத் தட்டுகளில் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்குவதுமாக அவருடைய நாட்கள் போனதாகப் பின்னாளில் உறவினர்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

இதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிதுநேரம் இருந்தேன். 1996 க்குப் பின்னான எங்கள் உயர்தர வகுப்பு நினைவுக்கு வந்தது. இடம்பெயர்ந்து, காட்டோரத்தில் கிடுகுக் கொட்டிலில் நடந்த வகுப்பு. நுணுக்குக்காட்டி இல்லை. எங்கள் உயிரியல் ரீச்சர் சிவப்பு நூலும் நீல நூலும் வெட்டிக் கொண்டுவந்து, பாயை விரித்து, அதில் கலப்பிரிவு நடத்திக் காட்டினார். நூல்கள் நடுவில் வரிசையாக நிற்கும், பிறகு இரண்டு பக்கமும் இழுபட்டுப் போகும். வானத்தில் சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்குவோம். திரும்பி வந்து பார்த்தால் காற்றில் நூல்கள் கலைந்து கிடக்கும். ரீச்சர் ஒன்றும் பேசாமல் குனிந்து, முதலிலிருந்து அடுக்குவார். இரவில் ஜாம் போத்தல் விளக்கில் அதைக் கொப்பியில் வரைந்து பார்ப்போம். மெய்யான நிறமூர்த்தத்தை மருத்துவ பீடத்தில்தான் முதன்முதலில் கண்டேன். பாயில் கண்டதைப் போலவே இருந்தது.

அந்தப் போர்க்கால உழைப்பின் பயனாக, டார்லிங்டனும் ஜானகி அம்மாளும் சேர்ந்து எழுதிய பயிர்த் தாவரங்களின் நிறமூர்த்த ஏடு 1945 இல் வெளிவந்தது. உலகம் பயிரிடும் தாவரங்கள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிறமூர்த்தங்கள் என்று திரட்டித் தந்த நூல் அது. பயிர்கள் எங்கே தோன்றின, எப்படிப் பரவின என்று ஆராய்பவர்களுக்கு அது ஒரு கைநூலாயிற்று. ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். அந்நூல் வெளிவந்தபோது மனிதருக்கு 48 நிறமூர்த்தங்கள் என்றே உலகம் நம்பியிருந்தது. 46 என்ற சரியான எண்ணிக்கை 1956 இல்தான் அறிவிக்கப்பட்டது. ஆயிரமாயிரம் செடிகளை எண்ணி முடித்தபின்தான் மனிதர் தம்மையே சரியாக எண்ணினார்கள்.

யுத்தம் முடிந்ததும் விஸ்லி என்ற இடத்திலுள்ள அரச தோட்டக்கலைச் சங்கம் அவரைச் சம்பளத்துடன் ஆய்வாளராக நியமித்தது. அங்கேதான் கொல்ச்சிசின் வருகிறது. ஐரோப்பாவில் ஒரு புல்வெளிப் பூவிலிருந்து அதை எடுப்பார்கள். எமது கார்த்திகைச் செடியின் கிழங்கிலும் விதையிலும் அதே பொருள் உண்டு. தமிழ்நாட்டில் மூலனூர்ப் பக்கத்தில் விதைக்காகவே கார்த்திகைச் செடியைத் தோட்டங்களில் பயிரிடுகிறார்கள்.

கலம் பிரியும்போது, இரட்டித்த நிறமூர்த்தங்களை இரண்டு பக்கமும் இழுப்பதற்குக் கதிர் என்ற நார்க்கூட்டம் தோன்றும். அது ரியூபுலின் என்ற புரதத்தால் கட்டப்படுவது. கொல்ச்சிசின் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். கதிர் உருவாகாது. இழுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் நிறமூர்த்தங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். தாவரக் கலமாயின் இரட்டிப்பு எண்ணிக்கையோடு அது தொடர்ந்து வாழக்கூடும். ஜானகி அம்மாள் மக்னோலியா நாற்றுகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்தார். 38 நிறமூர்த்தங்கள் 76 ஆயின. இலைகள் தடித்தன, பூக்கள் பெருத்தன. அவர் வளர்த்த மக்னோலியா மரங்கள் விஸ்லியில் இன்றும் பூக்கின்றன. வெண்ணிறப் பூக்கொண்ட ஒரு வகைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அந்த மகளின் கேள்விக்கு விடையும் இதுதான். குடலின் உட்சுவர், என்புமச்சை, மயிர் வேர் மூன்றும் எம் உடலில் ஓயாமல் கலங்கள் பிரியும் இடங்கள். பிரிவு எங்கே அதிகமோ அங்கே கொல்ச்சிசினின் அடியும் அதிகம். அதே பொருளை மிகச் சிறிய அளவில் மூட்டுவாத நோயாளிகளுக்கு நான் மருந்தாக எழுதிக் கொடுக்கிறேன். மனிதருக்கு 46 என்று எண்ணியவர்களும் நிறமூர்த்தங்களை நடுவழியில் நிறுத்தி வைக்க அதையே பயன்படுத்தினார்கள். வேலியோரத்துக் கிழங்கை யாரும் கைமருந்தாக உண்ணக்கூடாது என்பதையும் வைத்தியராக இங்கே சொல்லிவிடுகிறேன்.

1951 இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று ஜானகி அம்மாள் இந்தியா திரும்பினார். பிரித்தானியர் காலத்தில் 1890 இல் ஆரம்பிக்கப்பட்டு, பின்னர் நலிந்து கிடந்த இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டது. கல்கத்தா அலுவலகத்துக்கு முன்னால் தெருவைத் தாமே தும்புத்தடியெடுத்துக் கூட்டினார் என்று ஒரு கதை உண்டு. இந்நாட்டுத் தாவரங்களை இந்நாட்டவரே ஆராய்ந்து இங்கேயே பேணவேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் வகுத்த திட்டத்தின் தலைமைப் பதவி ஐரோப்பாவில் பிறந்த வேறொருவருக்குப் போனபோது மனம் நொந்தார். இருந்தும் வேலையை விடவில்லை. அலகாபாத்திலும், ஜம்முவிலும், சிறிதுகாலம் டிராம்பேயிலும் ஆராய்ச்சி தொடர்ந்தது. 1955 இல் மனிதர் பூமியை மாற்றியமைப்பது பற்றி அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த பெரும் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர்தான்.

1970 இல் சென்னைக்கு வந்து, மதுரவாயலில் பல்கலைக்கழகத்தின் களஆய்வுகூடத்தில் மூலிகைகளோடு வாழ்ந்தார். எளிய வாழ்க்கை. 1977 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கேரளத்தின் சைலன்ட் வேலிக் காட்டை நீர்மின் அணைக்காக மூழ்கடிக்கப் போகிறார்கள் என்றபோது, எண்பது வயதைத் தாண்டியும் அதற்கு எதிராகக் குரல் கொடுத்தார். அக்காட்டு மரங்களின் நிறமூர்த்தங்களை ஆராயும் பணியையும் மேற்கொண்டார். ஒரு காட்டை இழந்தால் வேறெங்கும் இல்லாத பரம்பரையலகுகளும் அதோடு அழியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1984 பெப்ரவரி 7 ஆம் திகதி காலமானார். அதே வருடம் நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இருக்கவில்லை.

இவ்வளவையும் எழுதியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிறவிக் குறைபாட்டோடு ஒரு பிள்ளை பிறந்தால் எம் சமூகம் முதலில் தாயைத்தான் பார்க்கிறது. கிரகணத்தில் வெளியே போனாள், விலக்கியதைத் தின்றாள், இவளுடைய பரம்பரை சரியில்லை என்று பேசுவார்கள். மாமியாருக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கும் எத்தனையோ தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். பரம்பரையலகில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருகிறது. தலசீமியா கடுமையாக வருவதற்கு இருவருமே காவிகளாக இருக்கவேண்டும். அப்போதும் ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. காவிகள் நோயாளிகள் அல்லர், குற்றவாளிகளும் அல்லர். சொந்தத்துக்குள் மச்சானைக் கட்டும் வழக்கமுள்ள குடும்பங்களில் இருவரும் ஒரே விகாரத்தைக் காவும் வாய்ப்புக் கூடும். திருமணத்துக்கு முன் ஒரு குருதிப் பரிசோதனை செய்தால் அதை அறிந்துகொள்ளலாம். சாதகம் பார்க்கும் வீடுகள் இதையும் பார்க்கலாம். இதை மேடையேறிச் சொல்வதைவிட, எம் கல்லூரியில் உயிரியல் படித்த ஒரு பெண் தன் வீட்டுக் குந்திலிருந்து சொன்னால் ஊர் கேட்கும்.

இன்று எமது கல்லூரியில் ஆய்வுகூடம் இருக்கிறது, நுணுக்குக்காட்டியும் இருக்கிறது. தங்கைமாரே, வெங்காய வேர்நுனியை அதில் வைத்துப் பார்க்கும்போது, கிடுகுக் கொட்டிலில் பாய்மேல் நூல் அடுக்கிய எங்கள் ரீச்சரையும், கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு எண்ணத் தொடங்கிய அந்த அம்மையாரையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்களும் எண்ணத் தொடங்குங்கள்.

நூறு அகவை காணும் எம் கல்லூரி அன்னை இன்னும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்து, வன்னி மண்ணின் பெண்பிள்ளைகளுக்கு ஒளியூட்ட வேண்டுமென இறைவனை வேண்டி அமைகிறேன்.